பாம்பை உலாவ அழைத்துச் செல்லலாமா?

1901-ம் வருஷத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவரானார். அவர் குடும்பத்தோடு வெள்ளை மாளிகையில் குடியேறியபோது மூத்த புதல்வி ஆலிஸுக்கு வயது பதினேழு. மற்றப் பெரிய வீட்டுப் பெண்கள் விருந்துக்குப் போகும்போது விசிறியும் கைக்குட்டையும் எடுத்துச் செல்வார்கள். ஆலிஸோ பச்சை நிறமான ஒரு சிறு பாம்பை எடுத்துச் சென்றாள்! மனிதருக்குத் தீங்கு செய்யாத ஜாதி அது. அதற்கு அவள் சூட்டிய திருநாமம் 'எமிலி ஸ்பினாச்'. எமிலி என்பது சித்தி முறையான ஒல்லியான ஒரு மாதின் பெயர். ஸ்பினாச் என்பது ஒரு வகைக் கீரை. ஒல்லியாகவும் கீரை நிறமாகவும் இருந்தபடியால் இரண்டையும் சேர்த்துப் பாம்புக்கு வைத்துவிட்டாள்.

தலைவர் மகளின் துணிச்சலைப் பற்றி அந்தக் காலத்து மனிதர்கள் வியந்து பேசினார்கள். இத்தனை வெளிச்சத்துக்கும் சந்தடிக்கும் நடுவே எமிலி ஸ்பினாச்சுக்கு எப்படி இருந்தது என்பதைப் பற்றி மாத்திரம் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த யோசனை இன்று அவசியமாகியிருக்கிறது. ஏனெனில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாம்பு வளர்ப்பது பெரிய இடத்துப் பெண்ணின் குறும்பாக இல்லாமல், சாதாரணக் குடும்பங்களின் பொழுதுபோக்காகிவிட்டது. கூடத்து மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதனுள் வெப்பம் தரும் விளக்கு. ஒளிந்துகொள்ள ஒரு சிறு குகை. குடிக்க ஒரு கிண்ணம் தண்ணீர். அங்கே வாசம் செய்வது பெரும்பாலும் இரண்டு ஜாதிகளில் ஒன்றாக இருக்கும். ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்துபோல் சுருட்டிக் கொள்வதால் அந்தப் பெயர். மற்றொன்று அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பு. இரண்டுக்கும் விஷமில்லை. மூன்று முதல் ஐந்து அடி நீளம் வளரும். வாரத்துக்கு ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ எலி கிடைத்தால் போதும்.

வெயில் காலம் வந்ததும் இவற்றை வளர்ப்போருக்கு ஓர் ஆசை எழுகிறது. "நாயை உலாவ அழைத்துப் போகிறோமே, பாம்பு மட்டும் என்ன பாவம் செய்தது? தோட்டத்துப் புல்லில் சற்று விட்டால் என்ன? தோளில் போட்டுக்கொண்டு பூங்கா வரையில் போய் வந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். நம் பாட்டிமார்களிடம் கேட்டால், "முதலில் அதை வீட்டுக்குள் விட்டதே பிசகு!" என்று ஒரே வார்த்தையில் வழக்கைத் தீர்த்துவிடுவார்கள். ஆனால் கேள்வி அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடியதல்ல.

வளர்ப்போர் கூறும் நியாயம்

வெளியே கொண்டு போகலாம் என்போர் மூன்று காரணங்கள் சொல்லுகிறார்கள்.

முதலாவது, சூரிய வெளிச்சம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் உடம்பில் 'டி' வைட்டமின் உண்டாகிறது. சோளப் பாம்புகளை இத்தகைய கதிர் தரும் விளக்கின் கீழ் வைத்துச் சோதித்ததில், அவற்றின் இரத்தத்தில் அந்த வைட்டமின் கூடியதை 2008-ல் மிருக வைத்தியர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2013-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் பந்து மலைப்பாம்புக்கு அப்படி ஒன்றும் கூடவில்லை. ஆக, ஒரு ஜாதிக்கு ஒத்தது மற்றதற்கு ஒத்ததென்று சொல்வதற்கில்லை. மேலும் சோளப் பாம்புக்கு வேண்டிய கதிரையும் விளக்கே கொடுத்துவிட்டது. அதற்காக வீதி வலம் வர வேண்டியதில்லை.

இரண்டாவது, புதிய அனுபவம். பாம்பு நாவை நீட்டி நீட்டிக் காற்றில் மிதக்கும் வாசனைத் துகள்களைத் திரட்டுகிறது. வாயின் மேற்புறத்தில் உள்ள ஓர் உறுப்பு அவற்றை இனம் கண்டுகொள்கிறது. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் ஆயுள் முழுதும் ஒரே வாசனையை நுகர்வது சலிப்பாக இராதா என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பந்து மலைப்பாம்பு முப்பது வருஷம் வரையில் உயிர்வாழக் கூடியது. முப்பது வருஷச் சிறைவாசம் என்றால் அற்ப விஷயமா?

மூன்றாவது காரணம் பாம்பைப் பற்றியதல்ல, மனிதரைப் பற்றியது. வெளியில் கொண்டு போனால் பார்க்கிறவர்களுடைய பயம் தெளியும். கண்டதும் தடியெடுக்கும் வழக்கம் குறையும் என்கிறார்கள். நோக்கம் உயர்ந்ததுதான். நிறைவேறுகிறதா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பாம்புக்கு எது சுகம்?

நமக்குச் சுகமாக இருப்பது பாம்புக்கும் சுகமாக இருக்கும் என்று எண்ணுவதில்தான் தவறு ஆரம்பமாகிறது.

நம்முடைய சரீரம் தன் உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. பாம்பின் சரீரம் அப்படியல்ல. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் சூடு. பந்து மலைப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி செண்டிகிரேடும் மறுபக்கம் 25 டிகிரியும் இருக்க வேண்டும். சூடு வேண்டும்போது இப்பக்கமும் குளிர்ச்சி வேண்டும்போது அப்பக்கமும் அது நகர்ந்து கொள்ளும். இங்கிலாந்தில் ஜூலை மாதத்துப் பகலிலே கூட 22 டிகிரி என்றால் நல்ல வெயில் என்று மகிழ்வார்கள். எஜமானர் சட்டையைத் தளர்த்திக்கொண்டு, "ஆகா, என்ன இதம்!" என்கிறார், தோளில் கிடக்கும் பிராணிக்கோ அது குளிர். உண்ட இரை வயிற்றில் கிடக்கும்போது உடம்பு குளிர்ந்தால் ஜீரணம் நின்றுவிடும், இரையைக் கக்கிவிடும்.

குளிர் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். நேர் வெயிலில் கண்ணாடிப் பெட்டியோடு கொண்டு வைத்தால் சில நிமிஷங்களில் அது அடுப்பாகிவிடும். பாம்புக்கு வேர்க்காது, நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கவும் தெரியாது. நிழலுக்கு நகர்ந்து போவது ஒன்றே அதற்குத் தெரிந்த உபாயம். பெட்டிக்குள் நிழல் இல்லையென்றால் மரணந்தான். இவ்வளவுக்கும், வைட்டமினை உண்டாக்கும் அந்தக் கதிரில் பெரும் பங்கு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை!

'திறந்த வெளி' என்ற சொல்லையும் பாம்பின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நமக்குத் திறந்த வெளி என்றால் சுதந்திரம். பந்து மலைப்பாம்போ தன் சொந்த நாட்டில் பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் வெளிவரும் பிராணி. தலைக்கு மேல் மறைவில்லாத இடம் என்றால் பருந்து பார்க்கும் இடம் என்று அதன் உடம்புக்குத் தெரியும். கண்களை மூடிக்கொள்ள அதற்கு இமை கிடையாது. நடைபாதையில் நடப்போரின் காலடி அதிர்ச்சி தரை வழியே தாடை எலும்புக்கு வந்து சேருகிறது. அது அசையாமல் தோளில் படிந்திருப்பதைக் கண்டு, "எவ்வளவு சாந்தமாக இருக்கிறது பாருங்கள்!" என்கிறார்கள். சாந்தமாகவும் இருக்கலாம், பயத்தால் விறைத்துப் போயும் இருக்கலாம். முகத்தில் சிரிப்பும் அழுகையும் காட்டத் தெரியாத பிராணியிடம் நம் மனத்தில் உள்ளதையே நாம் வாசித்துவிடுகிறோம்.

புல்வெளியிலும் அபாயம் உண்டு. நத்தையையும் எறும்பையும் கொல்லத் தெளித்த மருந்து புல்லில் இருக்கும். வயிற்றால் ஊர்ந்து செல்லும் பிராணி அதை உடம்பு முழுதும் பூசிக் கொள்ளும். உண்ணியும் செள்ளும் செதிலின் இடுக்கில் புகுந்து கொள்ளும். அயல் வீட்டுப் பூனையும் நாயும் இருக்கின்றன. காகமும் பருந்தும் இருக்கின்றன. நாய்க்குக் கழுத்துப் பட்டை போடலாம். பாம்புக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. கட்டும் கயிறு தளர்ந்தால் நழுவிவிடும், இறுகினால் விலா எலும்புக்குக் கேடு.

பிறருடைய அச்சம்

இனி, மனிதரின் பயத்தைத் தெளிவிக்கும் நோக்கத்தைப் பார்ப்போம்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. மேல்நாட்டிலும் படைகள் நடுங்கத்தான் செய்கின்றன. பூங்காவுக்குக் குழந்தையோடு வந்த ஒரு தாய், பெஞ்சியில் அமர்ந்திருப்பவருடைய கழுத்தில் நாலடி நீளப் பாம்பைத் திடீரென்று காண்கிறாள். அவளுக்கு அப்போது உண்டாவது அறிவா, அதிர்ச்சியா? பயந்தவளை மேலும் பயமுறுத்தி எவரும் பயத்தைத் தெளிவித்ததில்லை. அவள் கத்தினால் பாம்பும் வெருளும்; வெருண்ட பாம்பு விஷமில்லாவிட்டாலும் கடிக்கும். மறுநாள் ஊரில் பரவும் செய்தி, "பாம்பு நல்ல பிராணி" என்பதாக இராது.

ஒருவர் விரும்பி வந்து பார்ப்பது வேறு. விரும்பாதவர் முன் கொண்டு போய் நிறுத்துவது வேறு. ராமுலஸ் விட்டேகர் தொடங்கி, 1972 முதல் சென்னைக் கிண்டியில் இருந்து வரும் பாம்புப் பண்ணைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் போகிறார்கள். எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். அங்கே பயம் தெளிகிறது. காரணம், பார்க்கிறவனுக்கு விலகி நிற்கவும் உரிமை இருக்கிறது.

கை நழுவினால்?

2011 மார்ச்சில் நியூயார்க்கின் பிராங்ஸ் மிருகக் காட்சிசாலையில் எகிப்து நாட்டு நாகம் ஒன்று காணாமற் போயிற்று. நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. சுமார் ஒரு வாரம் கழித்து அது அகப்பட்டது. எங்கே என்றால், தான் இருந்த அதே கட்டிடத்தில் ஒரு மூலையில்! வீட்டுக்குள் தப்பிய பாம்பு பெரும்பாலும் வீட்டிலேயே, ஏதாவது ஒரு வெதுவெதுப்பான இடுக்கில் இருக்கும். தேடினால் கிடைக்கும். புதருக்குள் நழுவிய பாம்பு அப்படியல்ல. 'ஒரு கணந்தான் வேறு பக்கம் பார்த்தேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் அது போன இடம் தெரியாது. பெயர் சொல்லி அழைத்தால் வரும் பிராணியா அது?

குளிர் நாடாக இருந்தால் தப்பிய பாம்பு பெரும்பாலும் பனிக்காலத்தைத் தாண்டாது. அது அந்தப் பிராணிக்கு நேரும் கதி. சில சமயம் தாண்டியும் விடும். வேல்ஸ் நாட்டுக் கால்வின் பே என்னும் ஊரில் 1970-களில் மிருகக் காட்சிசாலையிலிருந்து தப்பிய ஈஸ்குலேப்பியப் பாம்புகள் இன்றும் குடியும் குடித்தனமுமாக அங்கே வாழ்கின்றன. அவற்றால் பெருந்தீங்கு நேர்ந்ததாக யாரும் காட்டவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அதிருஷ்டம் இப்படி இருப்பதில்லை. ஆகையால்தான் பிரிட்டனில் 1981-ல் செய்த சட்டம், அந்நாட்டுக்கு உரியதல்லாத பிராணியை வெளியில் விடுவதை மட்டுமல்ல, தப்ப விடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது.

கானரித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கிரான் கனேரியாவில் ஆதி முதல் பாம்பே இருந்ததில்லை. அங்கே செல்லப் பிராணியாகக் கொண்டு வந்த கலிபோர்னியாப் பாம்பு 1998-ல் காட்டில் காணப்பட்டது. பிறகு பெருகிற்று. அவற்றில் பல வெள்ளை நிறமானவை. வளர்ப்போர் விரும்பி உண்டாக்கிய நிறம் அது. எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பெரும்பல்லி ஒன்று அந்தத் தீவில் உண்டு. பாம்பு குடியேறிய இடங்களில் அந்தப் பல்லி ஏறக்குறைய முற்றும் மறைந்துவிட்டது என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. பாம்பையே அறியாத பிராணிக்குப் பாம்பைக் கண்டால் ஓடத் தெரியவில்லை.

புளோரிடாவின் கதை

இன்னும் பெரிய பாடம் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிறது. புளோரிடா மாகாணத்தில் எவர்கிளேட்ஸ் என்று ஒரு பரந்த சதுப்பு நிலம். நீரும் கோரையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். பர்மிய மலைப்பாம்புகளைக் குட்டியாக வாங்கி வளர்த்தவர்கள், அவை பத்தடி, பன்னிரண்டடி வளர்ந்ததும் வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாமல் தவித்தார்கள். சிலர் கொண்டு போய் வெளியில் விட்டார்கள். சில தாமே தப்பின. 1992-ல் அடித்த ஆண்ட்ரு புயலில் ஒரு பாம்புப் பண்ணை இடிந்ததும் ஒரு காரணம் என்பர். 2000-ம் வருஷத்துக்குள், அவை அங்கே குஞ்சு பொரித்துப் பெருகுகின்றன என்பது உறுதியாயிற்று.

விளைவு என்ன? ஆராய்ச்சியாளர் இரவில் மோட்டாரில் சென்று, சாலையில் கண்ட பிராணிகளை ஆண்டுக்கணக்கில் எண்ணி வந்தார்கள். 2012-ல் வெளியான அவர்களுடைய கணக்கின்படி, 1996, 1997 வருஷங்களில் கண்டதோடு ஒப்பிடும்போது ராக்கூன் என்னும் பிராணி 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஒப்பாஸம் ஏறக்குறைய 99 சதவிகிதம் குறைந்தது. முயலும் நரியும் கண்ணிலேயே படவில்லை. முயல் மறைந்ததற்குப் பாம்பு தானா காரணம் என்று அறிய, அடையாளக் கருவி பொருத்திய முயல்களைச் சதுப்பில் விட்டுப் பார்த்தார்கள். பதினோரு மாதத்தில் இறந்த முயல்களில் நூற்றுக்கு 77 மலைப்பாம்பின் வயிற்றில் போயின என்று 2015-ல் அறிவித்தார்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட ஒரு பெண் பாம்பு சுமார் 98 கிலோ எடை. அதன் வயிற்றில் 122 முட்டைகள்!

தோட்டத்துப் புல்லில் அரை மணி நேரம் பாம்பை விட்டவர்களால் இவ்வளவும் வந்தது என்று நாம் சொல்லவில்லை. பெரும் பழி, வளர்க்க முடியாமல் வேண்டுமென்று விட்டவர்களையே சாரும். ஆனால் நிலத்துக்கு அந்தப் பேதம் தெரியாது. இரக்கத்தால் விட்டதும், அலட்சியத்தால் தவறவிட்டதும், புயலால் தப்பியதும் அதற்கு ஒன்றே. பாம்போடு வந்த நோயும் அப்படியே. ஆசியப் பாம்புகளின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இப்போது புளோரிடாவின் சொந்தப் பாம்புகளின் நுரையீரலிலும் காணப்படுகிறது.

இருளர் அறிந்தது

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பல உபாயங்களைச் செய்து பார்த்துக் களைத்த புளோரிடாக்காரர்கள், 2017 ஜனவரியில் செங்கற்பட்டுப் பிரதேசத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களைத் தருவித்தார்கள். மோட்டாரும் கருவியும் கொண்டு தேடியவர்களுக்கு அகப்படாத மலைப்பாம்புகளை அவர்கள் தரையில் தெரியும் தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே கண்டுபிடித்தார்கள். இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்புகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்று பதினாறு அடி. 2023-ல் இந்திய அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்துக் கௌரவித்தது.

பாம்பை இவ்வளவு அறிந்த இந்த ஜனங்கள் பாம்பிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் சில வாரங்கள் வைத்திருந்து, மருந்து செய்வதற்கான விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடியும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அதுவும் பாம்பை வெளியே கொண்டு போவதுதான். ஆனால் அது பாம்பு பிறந்த மண். அங்கே அதற்கு இரையும் உண்டு, பகையும் உண்டு, அளவும் உண்டு.

இதற்கு நேர்மாறானது பாம்பாட்டியின் கூடை. மகுடி ஓசையில் நாகம் மயங்கி ஆடுகிறது என்று சிறு வயதில் நாமெல்லாம் நம்பினோம். அது ஆடுவது மகுடியின் அசைவைப் பார்த்து. இசையில் லயித்து அல்ல. அந்த நாகத்தின் பல் பெரும்பாலும் பிடுங்கப்பட்டிருக்கும். புண்பட்ட வாயோடு சில மாதங்களில் அது இறந்து போகும். பாம்பை ஊருக்குக் காட்டும் தொழிலின் மறுபக்கம் அது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதைத் தடுக்கிறது. ஆனால் ஆசை வேறு வழி தேடுகிறது. சென்னை விமான நிலையத்தில் பிரயாணிகளின் பெட்டிகளில் பந்து மலைப்பாம்புகள் பல முறை பிடிபட்டிருக்கின்றன. மேல்நாட்டார் கேட்கும் கேள்வி நம் தெருவுக்கும் வந்து சேர அதிக நாள் ஆகாது.

நாம் சொல்லக் கூடியது

சட்டத்துக்கு உட்பட்டு, அப்படி வளர்ப்பது வழக்கமான தேசத்தில் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வோம்?

பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் வேண்டாம். அங்கே போவதால் நன்மை அடைவது உங்கள் பெருமை ஒன்றுதான். சொந்தத் தோட்டத்தில் விட வேண்டுமானால், பாம்பின் பெட்டியில் உள்ள அளவு வெளியிலும் உஷ்ணம் இருக்க வேண்டும். இரை உண்டு இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். புல்லில் மருந்து தெளித்திருக்கக் கூடாது. அருகில் நிழல் இருக்க வேண்டும். நாயும் பூனையும் இருக்கக் கூடாது. பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷமும் கை எட்டும் தூரத்தை விட்டு அது நகரலாகாது. கையில் புத்தகமோ தொலைபேசியோ இருக்குமானால் அன்றைக்கு வேண்டாம். நோயுள்ளது, புதிதாக வந்தது, சட்டை உரிக்கும் தறுவாயில் உள்ளது, விஷமுள்ளது, ஒருவரால் தூக்க முடியாத அளவு பெரியது ஆகியவற்றுக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

இவ்வளவு நிபந்தனையா என்று மலைப்பவருக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. பெட்டியைப் பெரிதாக்குங்கள். ஏறக் கிளை வையுங்கள்; நுழைய இரண்டு பொந்து வையுங்கள்; தேவையான ஜாதிக்குக் கதிர் விளக்கு வையுங்கள்; தோட்டத்துச் சருகை நன்றாகக் காய்ச்சிச் சுத்தம் செய்து உள்ளே தூவுங்கள். வெளியே தேடிய புதிய வாசனை உள்ளேயே கிடைத்துவிடும். இதைப் பார்த்துத் தெருவில் யாரும் வியக்கமாட்டார்கள் என்பது மெய்தான்.

ஒரு பிராணியிடம் நாம் வைத்திருப்பது அன்பா, அல்லது அதை வைத்திருப்பதில் நமக்குள்ள கர்வமா என்று பிரித்தறிய இது ஒன்றே போதுமான சோதனை. நாயும் குதிரையும் வெளியே போக வேண்டுமென்று வாசலில் நின்று கேட்கும். பாம்பு கேட்பதில்லை. அது கேட்பதெல்லாம் கொஞ்சம் சூடும், கொஞ்சம் இருட்டும், யாரும் பார்க்காத ஒரு மூலையுந்தான். கேட்காததைக் கொடுப்பதற்கு முன், கேட்டதைக் கொடுத்துவிட்டோமா என்று ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்டுக் கொள்வது நலம்.